பொதுமன்னிப்பு: ‘அம்னெஸ்டி’க்குச் சரியான சொல்தானா?

செய்திகளில் ‘பொதுமன்னிப்பு’ என்ற சொல் மூன்று இடங்களில் அடிபடும். குவைத்திலோ அமீரகத்திலோ விசா முடிந்தும் தங்கிவிட்டவர்கள் அபராதமில்லாமல் ஊர் திரும்ப அரசு தரும் கெடு ஒன்று. இலங்கையில் ஜனாதிபதி கைதிகளை விடுவிப்பது இன்னொன்று. அப்புறம், உள்நாட்டுப் போர் ஓய்ந்த நாட்டில் ‘நடந்தவற்றுக்கு இனி வழக்கில்லை’ என்று சட்டம் போடுவது. இவற்றில் ஜனாதிபதி விடுவிப்பதற்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் பார்டன் என்று பெயர். மற்ற இரண்டும் அம்னெஸ்டி. அந்தச் சொல்லுக்குத் தாய்வீடு மூன்றாவதுதான்.

கிரேக்கத்தில் அது அம்னெஸ்தியா. ‘அ’ என்றால் இல்லாமை, ‘ம்னே’ என்றால் நினைவு. ஆக, நினையாமை. மறதி நோயைக் குறிக்கும் அம்னீசியா இதன் உடன்பிறப்பு. வடமொழி ‘மனஸ்’ஸும் இந்த ‘ம்னே’யும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை என்பதால், நாம் அன்றாடம் சொல்லும் ‘மனசு’கூட இதற்குத் தூரத்துச் சொந்தம். மன்னிப்பு என்ற பொருள் மட்டும் இந்தச் சொல்லுக்குள் எங்கேயும் இல்லை.

இந்தச் சொல்லின் கதைக்குக் கிரேக்க நகரமான ஏதென்ஸுக்குப் போகவேண்டும். கி.மு. 404இல் அது இன்னொரு கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவிடம் போரில் தோற்றது. வென்றவர்களின் தயவில் முப்பது பேர் ஆட்சிக்கு வந்தார்கள். எட்டு மாத ஆட்சி. அதற்குள் குறைந்தது 1,500 பேரைக் கொன்றதாக அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் நூல் சொல்கிறது. ஊரைவிட்டு ஓடியவர்களில் திராசிபுலோஸ் என்ற தளபதி சுமார் எழுபது பேரோடு திரும்பி வந்து எல்லைக் கோட்டை ஒன்றைப் பிடித்தார். ஆள் சேரச் சேர, துறைமுகப் பக்கம் உள்ள முனிக்கியா மேட்டில் சண்டை மூண்டது. முப்பதின்மரின் தலைவன் கிரித்தியாஸ் அதில் செத்தான்.

வென்ற அகதிகள் செத்தவர்களின் ஆயுதங்களை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தம் ஊர்க்காரர் எவர் உடம்பிலிருந்தும் உடுப்பை உரியவில்லை என்று அக்கால வரலாற்றாசிரியர் செனபோன் எழுதுகிறார். தோற்றவனை உரித்துவிடுவதுதான் அன்றைய வழக்கம். பிறகு பிணங்களை ஒப்படைக்கும் நேரம். இரு பக்கத்து ஆட்களும் நெருங்கி வந்து பேச ஆரம்பித்தபோது, வென்ற தரப்பில் இருந்த கிளியோக்கிரிதோஸ் எல்லோரையும் அமைதிப்படுத்தினார். கோயில் சடங்கில் அறிவிப்புச் செய்பவர் அவர், நல்ல குரல்வளம். அவர் பேச்சின் சாரம் இது: எங்களை ஏன் ஊரைவிட்டு விரட்டுகிறீர்கள்? ஒன்றாகப் பலியிட்டோம், ஒன்றாக ஆடினோம், ஒன்றாகப் படித்தோம், ஒரே படையில் நின்றோம். நமக்குள் சம்பந்தம் செய்துகொண்டோம். இதோ, எங்கள் கையால் செத்தவர்களில் சிலருக்காக நீங்கள் மட்டுமல்ல, நாங்களும் நிறைய அழுதிருக்கிறோம்.

கொன்றவன் அழுகிறேன் என்கிறான். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. எனக்கு இந்தப் பேச்சில் முக்கியமாகப் படுவது அதுதான்.

கி.மு. 403இல் சமரசம் ஆனபோது இரு தரப்பும் செய்த சத்தியத்தில் இருந்த வினை ‘ம்னேசிகக்கேயின்’. தீங்கை நினைத்துக்கொண்டிருத்தல் என்று பொருள். ‘அப்படிச் செய்யமாட்டோம்’ என்பதே சத்தியம். முப்பதின்மருக்கும் அவர்களின் நெருங்கிய அதிகாரிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்களும் வேண்டுமானால் தம் செயலுக்குக் கணக்கு ஒப்புவித்துவிட்டு இந்தப் பாதுகாப்பைப் பெறலாம். தன் கையாலேயே கொலை செய்தவன்மேல் வழக்குப் போடவும் இடம் இருந்தது.

துக்கத்தை விழுங்கச் சொல்லவில்லை என்பதற்கு லிசியாஸ் சாட்சி. கேடயப் பட்டறை வைத்திருந்த பணக்கார வெளியூர்க்காரர். அவருடைய அண்ணன் பொலெமார்க்கோஸை முப்பதின்மர் நஞ்சு குடிக்க வைத்துக் கொன்றார்கள். பிடிக்க வந்தவன் அண்ணன் மனைவியின் காதிலிருந்த பொன் தோடுகளைக் கழற்றிக்கொண்டான். குடும்பத்துக்கு மூன்று வீடு இருந்தும் எந்த வீட்டிலிருந்தும் சவத்தை எடுக்க விடவில்லை. ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்துக் கிடத்தினார்கள். ஒரு நண்பர் போர்வை தந்தார், இன்னொருவர் தலையணை தந்தார். இதையெல்லாம் லிசியாஸ் பிறகு முப்பதின்மரில் ஒருவன்மேல் தொடுத்த வழக்கில் வரிசையாகச் சொன்னார். ஒன்றைக்கூட மறக்கவில்லை.

சத்தியத்தைக் காப்பாற்றிய விதம் வேறு கதை. திரும்பி வந்தவர்களில் ஒருவன் பழசைக் கிளற ஆரம்பித்தான். ஆர்க்கினோஸ் என்ற தலைவர் அவனை மன்றத்துக்கு இழுத்துப்போய் விசாரணையே இல்லாமல் கொல்ல வைத்தார். அதன்பின் யாரும் கிளறவில்லையாம். எப்படிக் கிளறுவார்கள்?

‘அம்னெஸ்தியா’ என்ற பெயர்ச்சொல் வழக்கில் ஊன்றியது பின்னால்தான். சீசர் கொலையான கையோடு, கி.மு. 44 மார்ச்சில், ரோமச் செனட்டில் பேச்சாளர் சிசரோ ஏதென்ஸின் பழைய முன்மாதிரியைக் காட்டிப் பேசினார். கிரேக்கச் சொல்லையே எடுத்தாண்டதாகவும் அவரே சொல்கிறார். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்த 1648 வெஸ்ட்பாலிய உடன்படிக்கை இரு தரப்புக்கும் ‘நிரந்தர மறதியும் அம்னெஸ்தியாவும்’ என்று லத்தீனில் எழுதியது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘மன்னிப்பு’ உருதுச் சொல் என்று சிலர் அடித்துச் சொல்வதுண்டு. தெலுங்கில் மன்னிஞ்சு, கன்னடத்தில் மன்னிசு என்று இருப்பதைப் பார்த்தால் அது நம்பும்படியாக இல்லை. தெலுங்குச் சொல்லுக்கு மதித்தல் என்ற பொருளும் உண்டு. குறளில் ‘மன்னிப்பு’ கிடையாது, ‘பொறுத்தல்’ உண்டு. 152ஆம் குறள்: ‘பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று’. இங்கே இறப்பு என்பது சாவு அல்ல, வரம்பு கடந்து ஒருவர் செய்த தீங்கு. பொறுப்பது வேறு, மறப்பது வேறு என்று வள்ளுவர் பிரித்தே வைத்திருக்கிறார். அம்னெஸ்தியா விழுவது மறத்தலின் பக்கம். பேச்சுத்தமிழில் இதை நாம் சரியாகவே சொல்கிறோம்: ‘மனசுல வச்சுக்காதீங்க.’ சண்டை போட்ட பங்காளிகள் ஒரு கல்யாணத்துக்காகச் சேரும்போது சொல்லப்படுவது இதுதான். யார் மேல் தப்பு என்ற பேச்சே அதில் வராது.

அரசாங்கம் ‘மன்னிப்பு’ என்று எழுதும்போது, பிள்ளையைப் பறிகொடுத்தவர் மட்டுமே தரக்கூடிய ஒன்றை அது தன் கையிலிருந்து தருவதுபோல ஆகிவிடுகிறது. அதனால் போருக்குப் பின் வரும் அம்னெஸ்டியைப் ‘பகைமறப்பு’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. சட்டத்தைக் குறிக்கும்போது ‘பகைமறப்புச் சட்டம்’. தீர்ப்பான பிறகு ஒருவரை விடுவிப்பதற்குத் ‘தண்டனை மன்னிப்பு’ போதும், அதற்குப் ‘பொது’ வேண்டாம். விசா விவகாரத்தில் பொதுமன்னிப்பு இருந்துவிட்டுப் போகட்டும். வளைகுடாவில் வேலை செய்பவர்களிடம் போய் அதை மாற்றச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.