கல்லாவில் விழுந்த 2,360 ரூபாய் யாருடையது?

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு மின்சாதனக் கடை. சீலிங் ஃபேன் ஒன்று 2,360 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அது முழுக்கக் கடையின் வருமானம் இல்லை. விலை 2,000, மீதி 360 ரூபாய் 18 சதவீத ஜிஎஸ்டி, அரசுக்குச் சேர வேண்டியது. இதைப் பிரித்துக் காட்டத்தான் இரட்டைப் பதிவு, அதாவது ஒவ்வொரு பரிமாற்றத்தையும் பற்று (டெபிட்), வரவு (கிரெடிட்) என இரு பக்கமும் சமமாக எழுதும் முறை. வெனிஸ் வணிகர்கள் கையாண்ட இந்த முறையை லூக்கா பச்சோலி 1494இல் அச்சில் விளக்கினார். அடிப்படை இன்றும் அதுதான்.

சொத்தும் செலவும் கூடினால் பற்று. கடனும் வருமானமும் கூடினால் வரவு. ரொக்கம் 2,360 பற்று. விற்பனை 2,000, மத்திய ஜிஎஸ்டி 180, மாநில ஜிஎஸ்டி 180 வரவு. புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான். ஆனாலும் சட்டமன்றம் இருப்பதால் இங்கே மாநில ஜிஎஸ்டியே வரும். அதே ஃபேனைத் தமிழ்நாட்டில் இருக்கும் கடலூர் வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பினால், எல்லை தாண்டிய விற்பனை என்பதால் 360 ரூபாயும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி கணக்கில் ஏறும்.

விற்பனைப் பதிவு இத்தோடு முடிந்தது. சரக்கு? கடையிலிருந்து ஒரு ஃபேன் குறைந்திருக்கிறதே! அதன் கொள்முதல் விலை வரி நீங்கலாக 1,500 என்றால், விற்ற சரக்கின் அடக்கம் 1,500 பற்று, சரக்கிருப்பு 1,500 வரவு. மொத்த லாபம் 500 என்பது இப்போதுதான் தெரிகிறது. பல சிறு கடைகள் இந்தப் பதிவைப் போடாமல், ஆண்டு முடிவில் சரக்கை எண்ணிக் கணக்கு முடிக்கின்றன. அப்படிச் செய்தால் காணாமல் போன பொருளும் விற்ற பொருளோடு கலந்துவிடும். எனவே ஒவ்வொரு விற்பனைக்கும் சரக்கைக் கழிப்பதே நல்லது என்பேன்.

கொள்முதலில் கட்டிய 270 ரூபாய் வரி, உள்ளீட்டு வரியாகச் சொத்துப் பக்கம் நிற்கும். 360இல் அதைக் கழித்து 90 ரூபாய் கட்டினால் போதும்.

கார்டில் வாங்கினால் இன்னும் கவனம் தேவை. பணம் வங்கிக்கு வர ஒரு நாளாவது ஆகலாம், கட்டணமும் பிடிப்பார்கள். அதனால் முதலில் ‘கார்டு வரவேண்டியது’ 2,360 பற்று. கட்டணம் ஒரு சதவீதம் என்று வைத்தால் 23.60, அதன்மேல் ஜிஎஸ்டி 4.25, வங்கியில் ஏறுவது 2,332.15. மூன்றையும் தனித்தனியே பற்று வைத்து, வரவேண்டியதில் 2,360 வரவு வைத்தால் அந்தக் கணக்கு பூஜ்யமாகும். பூஜ்யமாகாவிட்டால் ஏதோ ஒரு பணம் இன்னும் வந்து சேரவில்லை.

பில் ஒவ்வொன்றையும் பேரேட்டில், அதாவது எல்லாக் கணக்குகளும் இருக்கும் முதன்மை ஏட்டில், ஏற்ற வேண்டும் என்பதில்லை. இரவு கடை அடைக்கும்போது பில் மெஷின் தரும் நாள் சுருக்கத்தை ஒரே பதிவாகப் போடலாம். அப்போது கல்லாவை எண்ணி, குறையோ கூடுதலோ இருந்தால் ‘ரொக்க வித்தியாசம்’ என்று தனிக் கணக்கில் எழுதுங்கள். விற்பனைத் தொகையைத் திருத்திச் சரிக்கட்டவே கூடாது.

அப்புறம் ஒன்று. பற்றும் வரவும் சமமாக இருந்தாலே எல்லாம் சரி என்று ஆகாது. 2,360 முழுவதையும் விற்பனையில் வரவு வைத்தாலும் இரு பக்கமும் ஒத்துப்போகும். அரசுக்குக் கட்ட வேண்டிய வரி மட்டும் ஏட்டில் இருக்காது. இதைப் பிடிக்க, பில் மெஷினின் வரித் தொகையையும் பேரேட்டின் வரிக் கணக்கையும் மாதம் ஒருமுறை, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் முன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.