ஈரலைச் சுற்றிப் போகும் ரத்தம்

குடலில் செரித்த சாப்பாட்டின் சத்து ரத்தத்தில் கலந்ததும், அந்த ரத்தம் நேராக இதயத்துக்குப் போய்விடுவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. குடல், இரைப்பை, மண்ணீரல், கணையம் ஆகியவற்றிலிருந்து வரும் சிரைகள் கணையத்தின் பின்புறம் ஒன்றுகூடிப் போர்ட்டல் சிரையாகின்றன. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இதன் வழியாகத்தான் வருகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவு ரத்தம் ஓடியும் உள்ளே அழுத்தம் 5 முதல் 10 மி.மீ. பாதரசம்தான். கையில் பட்டை சுற்றி அளக்கும் 120-ஐ நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சாதுவான ஓட்டம் என்று தெரியும்.

நல்ல ஈரல் பஞ்சு மாதிரி மென்மையாக இருப்பதால்தான் இது நடக்கிறது. மதுவாலோ, ஹெப்படைட்டிஸ் பி, சி வைரஸ்களாலோ, கொழுப்பு படிந்தோ ஈரல் தழும்பேறி இறுகினால் அதற்குச் சிரோசிஸ் என்று பெயர். அப்புறம் வரும் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் முட்டி நிற்கும், அழுத்தம் ஏறும். கால் சிரைகளில் இருப்பதுபோன்ற வால்வுகள் இங்கே இல்லை. அதனால் ரத்தம் வந்த வழியே திரும்பி, வேறு பாதை தேடுகிறது.

நூல்போல மெலிந்த சில இணைப்புகள் நம் எல்லோர் வயிற்றிலும் உண்டு. அவை விரிகின்றன, புதிதாகவும் சில முளைக்கின்றன. கருவில் இருந்தபோது தொப்புள்கொடி ரத்தம் வந்த பாதையை ஒட்டிய சிரைகள்கூடத் திறந்துகொள்ளும். தொப்புளைச் சுற்றிப் பாம்புகள் நெளிவதுபோலச் சிரைகள் புடைத்துத் தெரிவது அதனால்தான். கண்ணுக்குத் தெரியாத இடம்தான் ஆபத்து. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் மெல்லிய தோலுக்குக் கீழே சிரைகள் வீங்கி நிற்கும். ஈரலுக்குள் நுழையும் சிரைக்கும் வெளியேறும் சிரைக்கும் இடையே அழுத்த வித்தியாசம் 12 மி.மீ. பாதரசத்தைத் தொட்டுவிட்டால் அவை வெடிக்கலாம். ரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம் இரண்டுமே அதன் அடையாளங்கள். கறுத்த மலத்தைச் சூடு என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, தவறான இணைப்பு எப்போதும் நோயின் விளைவுதானா? இல்லை, அதுவே காரணமாகவும் இருக்கலாம். கத்திக்குத்து, ஈரலில் ஊசி போட்டுச் சதை எடுத்த பரிசோதனை, பிறவிக் கோளாறு இவற்றில் ஏதோ ஒன்றால் ஒரு தமனி போர்ட்டல் சிரையோடு நேரடியாக ஒட்டிக்கொள்வதுண்டு. 5-க்கும் 10-க்கும் பழகிய குழாயில் தமனியின் வேகம் பாய்கிறது. ஈரல் நன்றாகவே இருக்கும், ஆனாலும் வயிற்றில் நீர் கோக்கும், சிரைகள் வீங்கும். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சில சமயம் 'விர்ர்' என்ற இரைச்சல் கேட்கும். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்தத் தவறான இணைப்பைச் சுருள்கம்பியால் அடைத்தால் அழுத்தம் இறங்கிவிடும். போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறும் நோய்களில் முழுதாகக் குணமாகக்கூடிய வகை இது என்பதால், சந்தேகம் வந்தவுடன் தேடிப் பார்ப்பது அவ்வளவு முக்கியம்.

சுற்றுவழி கிடைத்துவிட்டால் ஈரலுக்குப் பாரம் குறைந்ததுதானே என்று தோன்றும். 1877-இல் ரஷ்யாவின் நிக்கோலாய் எக் நாய்களில் போர்ட்டல் சிரையை உடலின் பெருஞ்சிரையோடு இணைத்துக் காட்டினார். 1893-இல் ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவும் கூட்டாளிகளும் அப்படிப்பட்ட நாய்களுக்கு இறைச்சி கொடுத்தபோது அவை தள்ளாடின, வலிப்பு கண்டன. இறைச்சியின் புரதத்திலிருந்து வரும் அம்மோனியாவை ஈரல் சுத்தம் செய்யாததால் அது மூளைக்குப் போய்விடுகிறது.

இன்று ரத்தக்கசிவை நிறுத்த, ஈரலுக்குள்ளேயே ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாயை வைத்து மருத்துவர்களே ஒரு குறுக்குவழி திறப்பதுண்டு. இந்த வழியிலும் அம்மோனியா மூளைக்குப் போகலாம். இந்தச் சிகிச்சையால் உயிர் பிழைத்தவர் வீட்டுக்கு வந்த பிறகு பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், பேச்சு குழறினால், நீட்டிய கை படபடவென அடித்துக்கொண்டால், வீட்டில் இருப்பவர்கள்தான் அதை முதலில் கவனிக்க முடியும்.