பிரேக்அவுட் பிளேயர்: தமிழில் 'தலையெடுப்பவர்'

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏப்ரல் முதல் வாரவாக்கில் இறுதிப்போட்டியோடு முடிகிறது. மிச்சமிருக்கும் ஏழு மாதமும் அங்கே ரசிகர்களுக்கும் விளையாட்டு நிருபர்களுக்கும் ஓயாத பேச்சு ஒன்று உண்டு: அடுத்த பருவத்தில் 'பிரேக்அவுட்' ஆகப்போவது யார்? போன வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து ஆட்டத்துக்கு நாலு புள்ளி எடுத்தவர்களில் யார் இந்த வருடம் பதினான்கு எடுப்பார்? பட்டியல் மேல் பட்டியலாக வரும். ஆகஸ்டில் போட்ட பட்டியலை மார்ச்சில் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

பிரேக்அவுட் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பங்குச்சந்தை வீடியோ பார்க்கிறவர்கள் தினமும் கேட்பதுதான்: 'இந்த ஷேர் பிரேக்அவுட் கொடுத்திருக்கு, வால்யூமோட வந்திருக்கு.' ஒரு விலையைத் தாண்ட முடியாமல் வாரக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்த பங்கு ஒரு நாள் அதைத் தாண்டி மேலே போவது. சருமப் பராமரிப்புக் காணொளிகளில் அதே சொல்லுக்குத் திடீரென்று கிளம்பும் முகப்பரு என்று பொருள். சினிமாக்காரர்கள் வாலை நறுக்கிவிட்டு 'அந்தப் படம்தான் அவருக்கு பிரேக்' என்பார்கள். அந்த பிரேக் வேறு வகை. அது வாய்ப்பு, வெளியிலிருந்து யாரோ கொடுப்பது. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆங்கிலத்தில் இதன் வேர் எளிது. உடைத்துக்கொண்டு வெளியே வருவது. சிறையிலிருந்து கைதி தப்புவதும், ஊரில் தீயோ நோயோ கிளம்புவதும் இந்த வினையால்தான் சொல்லப்பட்டன. பெயர்ச்சொல்லாக அது கம்பீரம் பெற்ற இடங்களில் ஒன்று போர்க்களம். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அமெரிக்கப் படை, வேலிப்புதர்கள் நிறைந்த வயல்களுக்குள் மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நகர முடியாமல் கிடந்தது. ஜூலை இறுதியில் 'ஆபரேஷன் கோப்ரா' மூலம் செயின்ட் லோ நகருக்கு மேற்கே ஜெர்மானிய அரணைப் பிளந்துகொண்டு வெளியே பாய்ந்தது. போர் வரலாற்றில் 'நார்மண்டி பிரேக்அவுட்' என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். விளையாட்டிலும் கேளிக்கை உலகிலும் ஒருவர் திடீரென்று பெயர் பெறுவதைச் சொல்ல இதே சொல் வந்து ஒட்டிக்கொண்டது.

சிறை, அரண், விலைக்கோடு எல்லாவற்றிலும் படம் ஒன்றுதான்: வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு விசை. விசை பெருகிச் சுவரை உடைக்கிறது. கல்லூரிக் கூடைப்பந்தில் இந்தப் படம் பெரும்பாலும் தப்பு என்பது என் கட்சி. அங்கே சுவர் உடைவதில்லை. பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

பர்டூ பல்கலைக்கழகத்தின் சாக் ஈடியை எடுத்துக்கொள்வோம். டொரான்டோக்காரர், 7 அடி 4 அங்குலம். 2021-22 பருவத்தில், அவருடைய இரண்டாம் ஆண்டில், ஆட்டத்துக்கு 14.4 புள்ளி. அடுத்த ஆண்டு 22.3 புள்ளி, 12.9 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வந்தது. பிரேக்அவுட் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இருக்காது என்று தோன்றும். ஆனால் ஆடிய நிமிடங்களைப் பாருங்கள். முதல் கணக்கு 19 நிமிடத்தில் வந்தது, இரண்டாவது 31.7 நிமிடத்தில். கல்லூரி ஆட்டம் மொத்தம் 40 நிமிடம். 40 நிமிடத்துக்கு இவ்வளவு என்று மாற்றிப் பார்த்தால், அந்த இரண்டாம் ஆண்டில் ஈடி 30 புள்ளிக்குச் சற்று மேல். 'பிரேக்அவுட்' ஆண்டில் 28தான். கூடைக்குள் விழும் விகிதமும் 64.8 சதவீதத்திலிருந்து 60.7க்கு இறங்கியது. அதாவது, நாடே அவரைக் கண்டுபிடித்த ஆண்டில் அவருடைய விகிதங்கள் ஒரு படி குறைந்திருந்தன.

நடந்தது என்ன? அதுவரை நடு இடத்தை அவரோடு பங்கு போட்டுக்கொண்டிருந்த டிரெவியன் வில்லியம்ஸ் படிப்பு முடிந்து போனார். கூடவே ஜேடன் ஐவியும் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவுக்குப் போய்விட்டார். இடம் காலியானது, பந்தும் ஈடியைத் தேடி வந்தது. எதிரணிகள் இரண்டு மூன்று பேராகச் சூழ்ந்துகொண்டும் முன்னைப் போலவே கிட்டத்தட்ட ஆட முடிந்ததுதான் அவருடைய சாதனை. அது சின்னச் சாதனை இல்லை. ஆனால் முந்தைய ஆண்டு நிமிடக்கணக்கைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்காது.

ஜா மோரன்ட் கதை இன்னொரு வகை. முர்ரே ஸ்டேட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டு 12.7 புள்ளி, இரண்டாமாண்டு 24.5. அதோடு ஆட்டத்துக்கு 10 அசிஸ்ட், அதாவது சக ஆட்டக்காரர் கூடையில் போட வழிசெய்து கொடுத்த பந்து. ஒரு பருவம் முழுக்கச் சராசரியாக 20 புள்ளியும் 10 அசிஸ்ட்டும் எடுத்தவர், அசிஸ்ட்டை அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏவின் முதல் பிரிவில் அவர்தான் முதல். இங்கே நிமிடம் பெரிதாகக் கூடவில்லை; 34லிருந்து 36.6 ஆனது, அவ்வளவுதான். கூடியது பந்து. அணியின் முதன்மை ஆட்டக்காரராக இருந்த ஜோனதன் ஸ்டார்க் 2018இல் படிப்பை முடித்தார். அவர் கையில் இருந்த பந்து மோரன்ட் கைக்கு வந்தது.

இதை அளக்க 'யூசேஜ்' என்றொரு கணக்கு உண்டு. ஒருவர் களத்தில் இருக்கும்போது அணிக்குக் கிடைக்கும் பந்துவாய்ப்புகளில் எத்தனை சதவீதம் அவருடைய எறிதலிலோ பந்தை இழக்கும் தவறிலோ முடிகிறது என்பது. களத்தில் ஐந்து பேர், ஆகவே சராசரி 20 சதவீதம். 'பந்துப்பங்கு' என்று தமிழில் சொல்லிவிடலாம். கூடைப்பந்துப் புள்ளியியலாளர் டீன் ஆலிவர் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர். பங்கு கூடக் கூடத் திறன் விகிதம் பொதுவாகக் குறையும் என்பதை அவர் வலியுறுத்தினார். எளிய எறிதல்கள் தீர்ந்துபோய்க் கடினமானவற்றையும் எடுக்க வேண்டிவரும் அல்லவா? கல்லூரி ஆட்டங்களுக்கு இந்தக் கணக்குகளைப் பரவலாக்கியவர் கென் பொமராய். முன்னாள் வானிலை ஆய்வாளர். மழையைக் கணித்தவர் மாணவர்களைக் கணிக்க வந்தது பொருத்தம்தான்.

ஆகவே பட்டியல் போடுகிறவர்களில் விவரமானவர்கள் முதலில் பார்ப்பது ஆட்டக்காரரை அல்ல, அணியைவிட்டுப் போனவர்களை. ஓர் ஆட்டத்துக்கு 40 நிமிடம், ஐந்து பேர், ஆக 200 ஆள்நிமிடம். போனவர்களோடு அதில் 90 போயிருந்தால் அந்த 90 யாருக்காவது போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். மிஞ்சியவர்களில் குறைந்த நேரத்திலும் நன்றாக ஆடியது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. விஸ்கான்சின் அணியில் 2013இல் ஜாரெட் பெர்க்ரன் உட்பட உயரமான மூத்த வீரர்கள் மூவர் ஒன்றாகப் போனார்கள். பத்து நிமிடம் ஆடி 4.2 புள்ளி எடுத்துக்கொண்டிருந்த ஃபிராங்க் கமின்ஸ்கி அடுத்த பருவம் 27 நிமிடம் ஆடி 13.9 எடுத்தார். நவம்பரில் நார்த் டகோட்டாவுக்கு எதிராக 43 புள்ளி, அது பல்கலைக்கழகச் சாதனை. அதற்கும் அடுத்த ஆண்டு தேசிய விருது. இவருக்கு இடமும் கிடைத்தது, நிமிடத்துக்கு எடுக்கும் புள்ளியும் கூடியது. இரண்டும் சேர்வது அபூர்வம்.

எந்த ஆண்டில் இது நடக்கும் என்பதற்கும் ஒரு பொது வழக்கு உண்டு. முதலாண்டிலிருந்து இரண்டாமாண்டுக்குப் போகும்போதுதான் வளர்ச்சி பெரிது. பதினெட்டு வயதில் வந்தவர் ஒரு வருடம் எடை தூக்கி, பெரியவர்களிடம் இடிபட்டு, தடுப்பாட்டத்தில் எங்கே நிற்பது என்று கற்றுக்கொள்கிறார். அதன்பின் ஏற்றம் சிறிது சிறிதாகத்தான். அமெரிக்காவில் இரண்டாமாண்டு மாணவருக்கு 'சோஃபோமோர்' என்று பெயர். அறிஞன், முட்டாள் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தது அது என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பிற்காலத்தில் கட்டிய கதை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் வாதப்பயிற்சியைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து, வாதம் பழகும் மாணவன் என்ற பொருளில் வந்தது. இந்த ஆண்டின் வளர்ச்சியை 'இரண்டாம் ஆண்டுப் பாய்ச்சல்' என்றே எழுதலாம்.

கணிப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல். ஒரு பருவத்தில் 50 முறை எறிந்து 20 விழுந்தால் 40 சதவீதம், நல்ல எறிஞர். அவற்றில் மூன்று பந்து விளிம்பில் பட்டுத் திரும்பியிருந்தால் 34 சதவீதம், சாதாரணர். மூன்றே பந்து! இண்டியானாவின் விக்டர் ஒலடிப்போ 2011-12இல் 21 சதவீதம் அளவில் எறிந்தவர். அடுத்த ஆண்டு 44. இரண்டு பருவத்திலும் நூற்றுக்கும் குறைவான முயற்சிகளே. பின்னர் என்பிஏவில் ஆயிரக்கணக்கில் எறிந்தபோது விகிதம் 35 சதவீதத்தை ஒட்டித்தான் நின்றது. முதல் எண்ணும் பொய், இரண்டாம் எண்ணும் பொய், உண்மை நடுவில் இருந்தது. இதனால்தான் அனுபவசாலிகள் ஃப்ரீ த்ரோ விகிதத்தைப் பார்ப்பார்கள். தடுப்பார் இல்லாமல் நின்று எறிவதில் ஒருவர் 85 சதவீதம் என்றால் கை சரியான கை. தூரத்து எறிதல் இந்த வருடம் தப்பினாலும் அடுத்த வருடம் விழ வாய்ப்பு அதிகம்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'உடைத்தெழுதல்' என்று நேராகப் பெயர்த்தால் ஏதோ ஆவணத்தை உடைத்து எழுதுவதுபோல் படிக்கிறது. 'முறியடிப்பு' எதிரிக்குச் செய்வது. 'திருப்புமுனை' நல்ல சொல்தான், ஆனால் அது நிகழ்ச்சிக்கு உரியது. ஓர் ஆளைத் திருப்புமுனை ஆட்டக்காரர் என்றால் ஆட்டத்தின் போக்கை மாற்றியவர் என்றே புரியும். 'எழுச்சி நாயகன்' என்றால் தெருமுனைச் சுவரொட்டி கண்ணுக்கு வருகிறது. 'பாய்ச்சல்' எவ்வளவு தூரம் என்பதைச் சொல்கிறது, யார், எப்படி என்பதைச் சொல்வதில்லை.

என் தேர்வு 'தலையெடுத்தல்'. 'மூத்தவன் தலையெடுத்துட்டா கடனெல்லாம் அடைஞ்சிடும்' என்று வீடுகளில் சொல்வது எதை? பிள்ளை திடீரென்று அறிவாளி ஆவதை அல்ல. இருந்த திறமையோடு பொறுப்பும் அவன் தோளுக்கு வருவதை, வந்த பாரத்தைச் சுமந்துகொண்டு நிமிர்வதை. பெரியவர்கள் விலகிய இடம் அதில் அடங்கியிருக்கிறது. ஈடிக்கும் மோரன்ட்டுக்கும் நடந்தது அப்படியே இதுதான். ஆங்கிலச் சொல் விசையை மட்டும் பார்க்கிறது, சினிமா 'பிரேக்' வாய்ப்பை மட்டும் பார்க்கிறது. நம் வினை இரண்டையும் பிடித்துக்கொள்கிறது.

'நோய் மீண்டும் தலையெடுத்தது' என்று செய்தித்தாள்கள் கெட்டதற்கும் எழுதுகின்றனவே என்று கேட்கலாம். ஆங்கில வினையும் அம்மைக்கும் கலவரத்துக்கும் பயன்படுவதுதான், அதனால் அது ஒரு குறையில்லை. 'தலைதூக்குதல்' மட்டும் வேண்டாம். வன்முறையும் ரவுடியிசமுமே பெரும்பாலும் தலைதூக்குகின்றன. பெயர்ச்சொல்லாகத் 'தலையெடுப்பு' என்று ஆக்கும்போது மலையாளச் சாயல் கொஞ்சம் அடிக்கும். அங்கே அது யானை தலை நிமிர்ந்து நிற்கும் கம்பீரம். ஈடியைப் பார்த்தவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள். பிரேக்அவுட் பிளேயருக்கு 'தலையெடுப்பவர்', பிரேக்அவுட் சீசனுக்கு 'தலையெடுத்த பருவம்'.

ஒரு சிக்கல் இப்போது புதிதாக வந்திருக்கிறது. 2018 அக்டோபரில் தொடங்கிய, மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக மாணவர்கள் கல்லூரி மாறுவது எளிதானது. முன்பெல்லாம் மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் முதல் மாற்றத்துக்கு அது நீங்கியது, 2024இல் எத்தனை முறை மாறினாலும் என்று ஆனது. மூத்தவர் போன இடத்துக்கு இளையவர் வருவார் என்று காத்திருந்தால், வேறு கல்லூரியிலிருந்து 22 வயது ஆள் ஒருவரை ஏப்ரலிலேயே கூட்டிவந்துவிடுகிறார் பயிற்சியாளர். இளையவரும் சும்மா இருப்பதில்லை, இடம் இருக்கும் கல்லூரியைத் தேடிப் போகிறார். காலியிடக் கணக்கு இன்னும் செல்லும். ஆனால் ஒரே அணிக்குள் போட்டால் போதாது.

'மிகுதியும் முன்னேறியவர்' என்பதோடு தலையெடுப்பவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. என்பிஏ 1985-86இலிருந்து முன்னேறியவருக்கென்றே தனி விருது தருகிறது. முன்னேற்றம் கைத்திறனில் நடப்பது. ஒலடிப்போ அந்த வகை: 2012-13இல் அவருடைய புள்ளி 10.8இலிருந்து 13.6 ஆனதுதான், ஆனால் மொத்த எறிதல்களில் கூடைக்குள் விழுந்தது 47 சதவீதத்திலிருந்து 60ஐத் தொட்டது, அடுத்த ஜூனில் என்பிஏ தேர்வில் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். அவரை முன்னேறியவர் என்று எழுதுங்கள். 2022-23 ஈடியைத் தலையெடுத்தவர் என்று எழுதுங்கள். 2013-14 கமின்ஸ்கிக்கு இரண்டையும் கொடுக்கலாம்.