மேலுக்குப் பூசும் மருந்தை நாய் தின்றுவிட்டால்

“தைலம்தானே டாக்டர், மேலுக்குப் பூசுறதுதானே?” இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வீடுகளிலிருந்து கால்நடை மருத்துவரான எனக்கு வரும் ஃபோனில் இதை அடிக்கடி கேட்கிறேன். நாய் மாத்திரையை விழுங்கினால் பதறி ஓடிவருகிறவர்கள்கூட, டியூபைக் கடித்தால் காலைவரை பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள். சில பூச்சு மருந்துகளில் அந்தக் காலைவரை நேரம் கிடையாது.

வெயிலால் தோலில் வரும் சொரசொரப்பான திட்டுகளுக்குக் கொடுக்கும் எஃபுடிக்ஸ் கிரீம் அப்படி ஒன்று. உள்ளே இருப்பது ஃப்ளூரோயுராசில், புற்றுநோய் மருந்து. நம் ஆட்கள் வீட்டில் அரிதுதான், ஆனால் டர்பன் வெயிலில் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே உயிருக்கு ஆபத்து. 5 சதவீத கிரீமில் ஒரு கிராமுக்கு 50 மில்லிகிராம் மருந்து. 10 கிலோ நாய்க்கு 4 கிராம் போதும். 20 கிராம் டியூபில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வாந்தியும் வலிப்பும் தொடங்கலாம்.

சொரியாசிஸுக்குப் பூசும் கால்சிபோட்ரியால் இதற்கு நேர்மாறு. அன்றைக்கு நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கும். உள்ளுக்குள் ரத்தத்தில் கால்சியம் ஏறிக்கொண்டிருக்கும், ஓரிரு நாளில் சிறுநீரகம் பழுதாகும். ‘நேத்து நல்லாத்தான் இருந்துச்சு’ என்பதை இங்கே நம்பக் கூடாது. பல நாள் ரத்தப் பரிசோதனை வேண்டும். பாட்டிமார் முழங்காலுக்குத் தேய்க்கும் டைக்லோஃபெனாக் ஜெல்லும் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சரி, கடித்துவிட்டது. டியூபைப் பிடுங்குங்கள், வாயைச் சுற்றி ஒட்டியதை ஈரத்துணியால் துடையுங்கள், உடனே ஃபோன் செய்யுங்கள். இரவென்றால் அவசர விலங்கு மருத்துவமனைக்கு. மருந்தின் பெயர், எத்தனை சதவீதம், எவ்வளவு குறைகிறது, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்றுதான் கேட்போம். பல் பட்டுப் பெயர் பாதி கிழிந்திருந்தாலும் டியூபைக் குப்பையில் போடாமல் கொண்டுவாருங்கள். அது கையில் இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத்தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். அந்த உப்பே விஷமாகும். விரல் விட்டு வாந்தி எடுக்கவைப்பதும் வேண்டாம், வலிப்பு வரும் நேரத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். பால் கொடுப்பது கொடுக்கிறவர் மனத்துக்கு ஆறுதல், அவ்வளவுதான். கால்சிபோட்ரியால் போன வயிற்றுக்குப் பாலின் கால்சியமும் ஆகாது.

தின்பது மட்டுமல்ல, பூசிய தோலைத் தினமும் நக்குவதும் சேர்ந்துகொண்டே போகும். மாதவிடாய் நின்ற பெண்கள் கையில் பூசும் ஹார்மோன் மருந்தை நக்கி, கருத்தடை செய்த பெட்டைக்கே காம்பு வீங்கிப் பருவம் வந்ததுபோல் ஆவதுண்டு. அப்போது நாயை விட்டுவிட்டு உங்களிடம்தான் கேள்வி கேட்போம். கூச்சப்படாமல் சொல்லுங்கள், வீண் ஸ்கேன் செலவு மிச்சம்.