பண்டிகைக் காலத்தில் கடைத் தொழிலாளர் விடுமுறை: உரிமை எது, ஏமாறும் இடம் எது

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் லாரன்ஸ் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்துக்குப் புடவையை விரித்துக் காட்டுவதும் மறுபடி மடித்து அடுக்குவதுமாக நிற்கிற பெண்களில் ஒருவர் எங்கள் தெருக்காரர். சென்ற தீபாவளியன்று விடியற்காலை இரண்டு மணிக்கு வீடு திரும்பியவர், பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, கையில் கிண்ணத்தோடு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனார். அக்டோபர் 2ஆம் தேதி வேலை பார்த்ததற்குக் கடையில் என்ன கொடுத்தார்கள் என்று பின்னொரு நாள் கேட்டேன். அரை கிலோ இனிப்பு கொடுத்தார்கள் என்றார். அன்றைய நாளுக்கு அவருக்குச் சேர வேண்டியது இரட்டைச் சம்பளம்.

தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு சட்டங்கள் உள்ளன. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களையும், கூடவே ஐந்து பண்டிகை நாட்களையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாக்குகிறது. அந்த நாளில் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாளில் சம்பளத்துடன் மாற்று விடுமுறை. இரண்டில் எது என்று முடிவு செய்பவர் தொழிலாளிதான், முதலாளி அல்ல. இந்த ஒரு வரியைத்தான் எந்தக் கடையிலும் யாரும் சொல்வதில்லை.

முதல் பொறி அந்த ஐந்து பண்டிகை நாட்களில் இருக்கிறது. தீபாவளியும் பொங்கலும் தாமாகவே அதில் சேர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சட்டத்தில் அப்படிப் பெயர் சொல்லி எழுதவில்லை. முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்துகொண்டு தொழிலாளர் துறை ஆய்வர் குறிப்பிடும் நாட்கள்தான் பண்டிகை விடுமுறை. இந்தக் கலந்தாலோசனை நடைமுறையில் எப்படி நடக்கிறது என்றால், ஆண்டுத் தொடக்கத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் வரும், எல்லாரும் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். தேதிகள் நிரப்பாத தாளில் கையெழுத்திடாதீர்கள். நிரப்பியிருந்தால், வியாபாரம் இல்லாத நாட்களாகப் பார்த்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். அரசு விடுமுறை அறிவித்தால் கடைக்கும் விடுமுறை என்று எண்ணுவதும் இதே வகைத் தவறு.

இரண்டாவது, வார விடுமுறையைத் தள்ளிப்போடுவது. “சீசன் முடியட்டும், நாலு லீவையும் சேர்த்து எடுத்துக்கொள்” என்று சொல்வார்கள். சீசன் முடிந்ததும் பொங்கல் சரக்கு வந்து இறங்கும். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு முழு நாள் என்பதே சட்டம். மத்தியானம் சீக்கிரம் அனுப்பிவிட்டதும் விடுமுறைக் கணக்கில் வராது. “இருபத்து நான்கு மணி நேரமும் திறக்க அரசே அனுமதி கொடுத்திருக்கிறதே” என்று மேலாளர் ஒருவர் என்னிடமே வாதாடினார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கு 2019இல் அந்த அனுமதி வந்தது உண்மைதான். ஆனால் அதே ஆணையில் ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை, மிகைநேரம் சேர்த்தும் ஒரு நாளில் பத்தரை மணி நேரத்துக்கும் வாரத்தில் 57 மணி நேரத்துக்கும் மேல் வேலை கூடாது, மிகைநேரச் சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் உள்ளன. திறந்திருக்கும் உரிமை கடைக்கு, ஓய்வு ஆளுக்கு.

மூன்றாவது, பதவி உயர்வு என்ற பெயரில் வரும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குக் கடைகள் சட்டம் பொருந்தாது என்பதால், ஐந்நூறு ரூபாய் கூட்டி ‘ஃப்ளோர் மேனேஜர்’ என்று அட்டை மாட்டிவிடுகிறார்கள். ஆளை வேலைக்கு எடுக்கவோ நிறுத்தவோ விடுப்பு தரவோ அதிகாரமில்லாமல் நாள் முழுக்கத் துணி மடிப்பவர் அட்டையைக் கண்டு மயங்க வேண்டாம். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மனுவில் விவரித்து எழுதுங்கள்.

இனி அலுவலகம். நம் பக்கத்தில் ஆளை அலைக்கழிப்பது எல்லைதான். கடலூரிலிருந்து பேருந்து ஏறிப் புதுச்சேரி நேரு வீதிக் கடைகளுக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்கள் ஊர் நினைவில் கடலூர் அலுவலகத்துக்குப் போய், பாதி நாள் காத்திருந்து, “இது எங்கள் எல்லை இல்லை” என்ற பதிலோடு திரும்புகிறார்கள். வீடு எங்கே என்பது கணக்கில்லை, கடை எங்கே என்பதே கணக்கு. ரெட்டிச்சாவடியில் கடை என்றால் கடலூர். கன்னியக்கோயிலில் கடை என்றால் புதுச்சேரித் தொழிலாளர் துறை. புதுச்சேரிக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டத்தின் பெயரை எழுதிக் கொடுத்தால், அதையே காரணம் காட்டி மனுவைத் திருப்பிவிடுவார்கள்.

கடலூரில் மனு கொடுக்க வேண்டியது தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில். ஆட்சியரகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். அது சுற்றிவிட்டு இதே மேசைக்குத்தான் வரும், ஆனால் மனு எண் கிடைக்கும், எண் இருந்தால் கேள்வி கேட்கலாம். “முதலில் முதலாளியிடம் பேசிப் பாரம்மா” என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால், மனுவின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை கேளுங்கள். தர மறுத்தால் அதே மனுவை, போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.

மனுவோடு என்ன வைப்பது? வருகைப் பதிவேடு கடையில் இருக்கும், ஆய்வுக்கு ஆள் வரும்போது அது சுத்தமாகவும் இருக்கும். ஆகவே “நாளை எல்லாரும் கட்டாயம் வர வேண்டும்” என்று வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி, அந்த மாதச் சம்பளம் வரவான வங்கிப் பதிவு, நீங்களே தினமும் எழுதிய வந்த நேரம் போன நேரம் ஆகியவைதான் கைகொடுக்கும். குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன்பே அந்தச் செய்திகளைப் படமெடுத்து, வீட்டில் இன்னொருவரின் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள்.