பிள்ளை இல்லாமல் வீடு திரும்பும் தாய்க்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டால், அல்லது பிறந்த சில நாளில் போய்விட்டால், தாய் வார்டிலிருந்து வருவதற்குள் உறவினர்கள் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். தொட்டிலைக் கழற்றி, துணிமணியை யாருக்காவது கொடுத்து, அடக்கத்தையும் செய்துவிடுகிறார்கள். பாசத்தால்தான் செய்கிறார்கள். ஆனால் அவளுக்கு அது ஆறுவதில்லை. "முகத்தைக்கூடக் காட்டலையே" என்ற ஏக்கம் பல ஆண்டுகள் கூடவே வருகிறது. அவளைக் கேட்காமல் எதையும் அகற்றாதீர்கள்.

பிள்ளையைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்: உடல் சில்லென்றிருக்கும், உதடு கறுத்திருக்கும், வயிற்றில் இறந்து சில நாள் ஆகியிருந்தால் தோல் உரிந்திருக்கலாம். முதலில் மறுத்தவள் சில மணி நேரத்தில் மனம் மாறுவதுண்டு. இன்னொரு முறையும் கேளுங்கள். கைகால் அச்சு, கையில் கட்டிய பெயர்ப்பட்டை, சுற்றிய துணி, கைப்பேசியில் ஒரு படம் ஆகியவற்றை மிஸியிடம் (தாதியிடம்) கேட்டு வாங்கலாம். இப்போது பார்க்கத் தெம்பில்லை என்றால் உறையிலிட்டு நம்பிக்கையானவர் ஒருவர் வைத்திருக்கட்டும். புதைத்த பிறகு இவற்றைப் பெற வழியே இல்லை.

நம்மவர் சிசுவை எரிப்பதில்லை, புதைப்பதே வழக்கம். தாய்க்கு உடல்நிலை இடம் கொடுத்து, அவளும் விரும்பினால், அடக்கத்தைச் சில மணி நேரம் தள்ளிவையுங்கள். இடத்தை அவளுக்குச் சொல்லாமல் மறைப்பது பெரிய தவறு. தோட்ட நிலங்கள் கைமாறி வீடமைப்பாகும் காலம் இது. அடையாளமில்லாத குழி சில ஆண்டுகளில் தெரியாமலே போய்விடும். குழி எண் இருந்தால் எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு கல் நட்டுப் படமெடுத்து வையுங்கள். உயிரோடு பிறந்த பிள்ளை சில நிமிடமே இருந்திருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிய வேண்டும். வார்டை விட்டுக் கிளம்புமுன் அதற்கான படிவங்களையும் அடக்க அனுமதியையும் கேட்டு வாங்குங்கள்.

பிறகு பால். இதைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏறக்குறைய நான்கு மாதம் தாண்டிய கர்ப்பம் கலைந்தாலே இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் கட்டலாம். வீட்டுக்கு வந்த பின் ரவிக்கை நனையும்போதுதான் பல பெண்கள் உடைந்துபோகிறார்கள். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டுவது நம்மிடம் உள்ள பழக்கம். அதனால் பால் தேங்கிக் கட்டி, சீழ் பிடிக்கவும் கூடும். நன்றாகத் தாங்கும் உள்ளாடை, ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், வலிக்குப் பாரசெட்டமால் போதும். தாங்க முடியாவிட்டால் வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சலாம். முழுதும் பீய்ச்சினால் மீண்டும் சுரக்கும். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவதைப் பாட்டிமார் சொல்வார்கள். 1988இல் வெளியான வேலூர் ஆய்வொன்று, அது பால் சுரப்பைக் குறைப்பதாகவே கண்டது. இறுக்காமல் வைத்தால் தடையில்லை. பாலை நிறுத்த மாத்திரையும் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம் என்பதால் வார்டிலேயே டாக்டரைக் கேளுங்கள். தாய் நெகட்டிவ் ரத்த வகை என்றால் அடுத்த பிள்ளையைக் காக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்பதையும் அப்போதே கேளுங்கள்; அதை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

"பிள்ளைதான் இல்லையே, பத்தியம் எதுக்கு?" என்று சில வீடுகளில் மருந்துக் குழம்பும் இல்லை, தலைக்கு ஊற்றுவதும் இல்லை, மூன்றாம் நாளே அடுப்படி. இது அநியாயம். அவளும் பிள்ளை பெற்றவள்தான். கருப்பை சுருங்க அதே ஆறு வாரம் ஆகும், உதிரப்போக்கும் அப்படியே. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுதாக நனைவது, காய்ச்சல், நாற்றம், மார்பில் சிவந்த சூடான வீக்கம், ஒரு கால் மட்டும் வீங்குவது, கண் மங்கும் தலைவலி இவற்றில் எது கண்டாலும் காலை வரை காத்திருக்காமல் கிளம்புங்கள்.

பிரசவத்துக்குப் பின் கிளினிக் மிஸி வீட்டுக்கு வருவார். செய்தி எட்டாமல் வந்தால் முதல் கேள்வியே "பாப்பா எங்க?" என்றிருக்கும். குடும்பத்தில் ஒருவர் அன்றே கிளினிக்குக்குப் போன் செய்து, பிங்க் புத்தகத்திலும் (கர்ப்பகாலப் பரிசோதனைக் குறிப்பேடு) எழுதச் சொல்லட்டும். வருகையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பரிசோதனைக்குப் போகும்போது கர்ப்பிணிகள் இல்லாத நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வேலைக்குப் போகும் பெண்கள் கவனிக்க: தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டப்படி குறைந்தது 22 வாரம் ஆன பின் நடக்கும் பிரசவம், பிள்ளை இறந்து பிறந்தாலும், பிரசவமே. 2023 ஜனவரி 1 முதல் உள்ள 98 நாள் விடுப்பு அவளுக்கும் உண்டு. அதற்குமுன் கலைந்தால் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேளுங்கள். கணவனுக்கும் தகுதியிருந்தால் 7 நாள் விடுப்பு உண்டு.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் பப்பாளி தின்றாளா, கிரகணத்தில் வெளியே போனாளா, மோட்டாரில் ஏறினாளா என்று துருவாதீர்கள். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் தானாகக் கலைபவை. "சின்ன வயசுதானே, அடுத்தது பொறக்கும்" என்பதும் ஆறுதலாகாது. பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். சோறு கொண்டுபோங்கள், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுவாருங்கள். அந்தப் பிள்ளையிடம் "பாப்பா தூங்குது" என்று சொன்னால் அது தூங்கவே பயப்படும். இறந்துவிட்டது, அது யார் குற்றமுமில்லை என்று சொல்லுங்கள். கணவனிடமும் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். எல்லாரும் அவனிடம் "பொண்டாட்டியப் பாத்துக்க" என்று மட்டும்தான் சொல்லியிருப்பார்கள்.

அழுகை இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் தன்னையே பழித்துக்கொண்டிருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். சாகவேண்டும் என்ற பேச்சு வந்தால் தனியே விடாமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. மனம்விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929, இது 24 மணி நேரமும் உண்டு.

அடுத்த கர்ப்பத்தில் பிங்க் புத்தகம் போடும் முதல் நாளே பழைய டிஸ்சார்ஜ் கடிதத்தைக் காட்டி, எத்தனையாவது வாரத்தில் பிள்ளை போனது என்று சொல்லுங்கள். சர்க்கரைப் பரிசோதனையும் டாக்டர் கவனிப்பும் முன்கூட்டியே தொடங்க அது உதவும். அதே வாரம் நெருங்கும்போது பயம் கூடும். பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் அன்றே போய்க் காட்டுங்கள், நேற்றுத்தான் போய் வந்திருந்தாலும் சரி.