ஐ.சி.யூ. வாசலில் கூட்டம், வீட்டில் ஆளில்லை

அப்பாவோ அம்மாவோ தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது, நம் ஊர் உறவும் நட்பும் முதலில் செய்வது வேன் பிடித்து வருவது. தர்மபுரியில் ஐ.சி.யூ. செவிலியராக இருக்கிறேன். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கமிருந்து ஒருவரைச் சேர்த்தால் மறுநாள் காலையில் வராண்டாவில் நிற்க இடமிருக்காது. அந்தப் பாசம் லேசானதல்ல. ஆனால் உள்ளே ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடுவோம், அதுவும் கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் அந்த மகனோ மகளோ வாசலில் நின்று, வருகிறவர்களிடம் நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லச் சொல்ல உடைந்துபோகிறார்கள்.

அதே நேரத்தில் வீட்டில் மாடு கறக்க ஆளில்லை. நம் மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கிற குடும்பங்கள் நிறைய. புழு தன் வாழ்நாளில் தின்னும் மல்பெரித் தழையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை, கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்தின் ஏழெட்டு நாளில்தான் தின்னும். அந்த வாரம் பார்த்து வீட்டுப் பெரியவர் விழுந்துவிட்டால்? அப்பா வென்டிலேட்டரில் இருக்கும்போது ஒரு மகன் என்னிடம் வந்து, "ஒரு வேளை தழை போட்டுட்டு வந்துடட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கூடு விற்கிற காசில்தான் அப்பாவுக்கு அடுத்த மாத மருந்து. அவர் பக்கத்துக் கொல்லைக்காரர் இரண்டு நாள் தழை வெட்டிப் போட்டிருந்தால், அது வேனில் வந்த அத்தனை பேரின் ஆறுதலையும்விடப் பெரிய உதவி.

"ஏதாவது வேணும்னா சொல்லுப்பா" என்று சொல்லாதீர்கள். அந்த நிலையில் இருப்பவருக்கு எதைக் கேட்பதென்றே தெரியாது. "சாயங்காலப் பாலை நான் கறந்து சொசைட்டியில ஊத்திடறேன்", "பாப்பாவை ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வரேன்", "ராத்திரி நான் படுத்துக்கறேன், நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சு தூங்கிட்டு வா" என்று வேலையைப் பேர் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் தேவைப்பட்டால் கொடுங்கள்.

டாக்டரிடம் பேச வீட்டில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பதறாமல் கேட்டு, நோட்டில் எழுதி, மற்றவர்களுக்கு அப்படியே சொல்கிற ஆள் போதும். "நேத்தைவிட இன்னைக்கு எப்படி இருக்கு? அடுத்து என்ன செய்யப் போறீங்க? எதுக்காகப் பயப்படறீங்க?" என்ற மூன்று கேள்விக்கும் தினமும் பதில் வாங்கட்டும். சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டால், போனும் ஓயும்.

பெங்களூருவிலோ ஓசூரிலோ வேலை பார்க்கிற பிள்ளை, வர முடியாத தவிப்பில், "உடனே பெங்களூருக்கு மாத்துங்க" என்பார். மாற்றுவது தவறில்லை. ஆனால் மூச்சுக் கருவியில் இருப்பவரைத் தொப்பூர் கணவாய் தாண்டி சேலத்துக்கோ, இன்னும் தொலைவான பெங்களூருவுக்கோ கொண்டுபோவது சாதாரணப் பயணமல்ல. வழியில் தாங்குவாரா என்று இங்குள்ள டாக்டரிடம் கேளுங்கள். அங்கே படுக்கை உறுதியான பிறகு, வென்டிலேட்டரும் பயிற்சி பெற்ற ஆளும் உள்ள ஆம்புலன்ஸில்தான் கிளப்ப வேண்டும்.

குடும்பங்களை அதிகம் நொறுக்குவது வேறொன்று. கொஞ்சம் தேறி வருகிற அப்பா திடீரென்று மகளை அடையாளம் தெரியாமல் பார்ப்பார். செத்துப்போன தம்பி கட்டில் பக்கத்தில் நிற்கிறான் என்பார், ஊசியைப் பிடுங்குவார், பெற்ற பிள்ளையையே வாயில் வராத வார்த்தையால் திட்டுவார். இரவில் இது அதிகமாகும். வாசலில் உடனே, "காத்து கருப்பு பட்டிருக்கு, மந்திரிக்கணும்" என்று பேச்சு கிளம்பும். இதற்கு டெலிரியம் என்று பெயர். கடுமையான நோய்த்தொற்று, சில மருந்துகள், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகக் குழப்புகின்றன. வயதானவர்களுக்கு அடிக்கடி வருவது. அடிப்படை நோய் குறையக் குறையப் பலருக்கும் தெளியும். அவர் திட்டுவது அவர் மனசிலிருந்து வரவில்லை, தாயே. அந்த நேரத்தில் வாதாடாதீர்கள். "அப்பா, நான் செல்வி. நீங்க தர்மபுரி ஆஸ்பத்திரியில இருக்கீங்க, இன்னைக்கு செவ்வாக்கிழமை, காலைல பத்து மணி" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அவருடைய கண்ணாடியையும் காது மெஷினையும் கொண்டுவந்து கொடுங்கள். தெரிந்த குரலும் பகல் வெளிச்சமும் நிஜமாகவே உதவும். குழாயைப் பிடுங்காமலிருக்கச் சில நேரம் கையைத் தளர்வாகக் கட்டியிருப்போம். பார்த்ததும் பதற வேண்டாம், ஏன் என்று எங்களிடம் கேளுங்கள்.

மயக்க மருந்தில் இருப்பவரிடமும் பேசுங்கள், கேட்கக்கூடும். நெற்றியில் விபூதி வைப்பதை எங்களிடம் சொல்லிவிட்டு வைக்கலாம். ஆனால் தீர்த்தமோ ஒரு வாய் பாலோ ஊற்றாதீர்கள். விழுங்கும் திறன் இல்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

குழந்தைகளிடம் "தாத்தா ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்ல வேண்டாம். "தாத்தாவுக்கு உடம்பு ரொம்ப முடியல, டாக்டருங்க பார்த்துக்கறாங்க" என்றாலே போதும்.

பணத்துக்கு வட்டிக்காரரிடம் ஓடுமுன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். வாசலில் சும்மா நிற்கிற மச்சானுக்கு ஏற்ற வேலை இது. தனியார் மருத்துவமனை என்றால், அது பட்டியலில் உள்ளதா, இந்தச் சிகிச்சைக்குப் பொருந்துமா என்று சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, காத்திருக்கும் அம்மாவைப் பாருங்கள். அப்பா உள்ளே போனதிலிருந்து அவர் தன் சுகர் மாத்திரையை, பிரஷர் மாத்திரையை மறந்திருப்பார், டீயிலேயே பொழுதை ஓட்டியிருப்பார். வேளைக்கு மாத்திரையும் இட்லியும் கொடுத்து, ராத்திரி வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். யாருக்காவது நாள்கணக்கில் தூக்கமில்லாமல், மனசு தாங்கவே முடியாமல் போனால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடலாம். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.